அடைத்த கதவுக் கச்சேரி

அந்தக் குழு மேடை ஏறியதே கிடையாது. ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம். ஃபிரிட்ஜ் மெக்கானிக் கிடார், அவர் மனைவி பாட்டு, மனைவியின் தம்பி கீபோர்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மெக்கானிக்கின் பட்டறையில் ஷட்டரை இறக்கிவிட்டு ரெக்கார்டிங்தான். 'அடைத்த கதவுக் கச்சேரி' என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர்.

மனைவி தையல்காரி. அளவு கொடுக்க வந்தவர்களைக் கையைத் தூக்கியபடி நிற்கவைத்துவிட்டு அடுத்த வரியை யோசிப்பாள். கல்யாணமான புதிதில் தொடங்கிய ரெக்கார்டிங். மகள் காலேஜுக்கே போய்விட்டாள், ஒரு பாட்டுகூட வெளியே வரவில்லை. காரணம் மெக்கானிக்கின் காது. மோட்டார் முனகலைக் கேட்டே கோளாறு சொல்கிற மனுஷர், பாட்டிலும் கோளாறைத்தான் தேடுவார். "பின்னாடி ஏதோ இரைச்சல் இருக்கு. அடுத்த வாரம் எடுப்போம்." அவளுக்கோ ஒரே ஆசை. வீட்டு ஆள் அல்லாத ஒருத்தர், ஒரே ஒருத்தர், தன் பாட்டைக் கேட்டுவிட வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கு எடுக்கிறதுதான் கடைசி. இதுலயும் இரைச்சல் கிரைச்சல்னீங்க, இனிமே நான் பாடவே மாட்டேன்."

"மாமா, அக்கா சும்மா சொல்லல" என்றான் தம்பி.

மெக்கானிக்குக் கதிகலங்கிப்போனது. ஓடிப்போய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் பேட்டரியில் போட்டார். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ்கள் மொத்தமும் வாயை மூடின. ஆஹா, என்ன அமைதி! பழுது பார்த்த ஃப்ரீசர் நாள் முழுக்கத் தாங்குகிறதா என்று பார்க்க, ஐஸ்கிரீம்காரர் அதைச் சரக்கோடு அங்கேயே விட்டுப்போயிருந்தது அந்தச் சந்தோஷத்தில் ஒருத்தருக்கும் நினைவில்லை.

திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மதியம் தாண்டி, வியர்வையில் நனைந்து, கோபமெல்லாம் தீர்ந்தபிறகு அவள் பாடினாள். முடிந்ததும் மெக்கானிக் ஹெட்போனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "ஒரு குறையும் இல்ல" என்றார். தம்பி விசிலடித்தான்.

அப்போதுதான் ஷட்டர் தடதடத்தது. தூக்கினால் ஐஸ்கிரீம்காரர். அவர் செருப்பைச் சுற்றி ரோஸ் நிறத்தில் ஓர் ஓடை, பட்டறையிலிருந்து தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயையோ அண்ணே, மெயினை அணைச்சுத் தொலைச்சுட்டேனே! நீங்க எப்ப வந்தீங்க?"

"பாட்டு ஆரம்பிக்கும்போதே வந்துட்டேன். இது வெளியே ஓடுறதைப் பார்த்து வயிறு எரிஞ்சுபோச்சு."

"உடனே தட்டியிருக்கலாமே! பாதியாவது மிஞ்சியிருக்கும்."

"தட்டத்தான் கையை ஓங்கினேன். உள்ளே தங்கச்சி பாடிட்டிருந்துச்சு" என்றார் ஐஸ்கிரீம்காரர், அவளைக் காட்டி. "எப்படித் தட்டுறது, சொல்லு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே" என்றாள். "டேய் தம்பி, முதல்லேருந்து போடு."