மாடி வீட்டுக்கு மட்டும் ஏறிய வாடகை

அந்தத் தெருவில் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பல் மருத்துவர் அல்ல. மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். இருபத்தாறு வருடமாக ஒரே பட்டறை, ஒரே முக்காலி. அக்கம்பக்கத்து முதியவர்களில் பாதிப் பேர் அவர் கைவேலையைக் காட்டித்தான் சிரித்தார்கள். தங்கள் பல்லைச் செய்தவர் இவர்தான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் முகங்கள் அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் யாராவது கொட்டாவி விட்டால் ஆளைச் சொல்லிவிடுவார்.

அதிகம் பேசமாட்டார். பேச்சு சம்பந்தப்பட்ட வேலைகளை மனைவி பார்த்துக்கொண்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் மனக்குறை இல்லை.

நாலு குடித்தனம் உள்ள கட்டிடம் அது. கீழே மூன்று வீடு, மாடியில் இவர்கள் மட்டும். மாடிப்படியில் ஆறாவது படி விரிசல் விட்டிருந்தது. கைப்பிடி தொட்டால் ஆடியது. பல்செட்காரர் மூன்று முறை வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரரின் கீழ்ப்பல் செட் தளர்ந்து போயிருந்ததால் பேச்சில் பாதி காற்றாகத்தான் வரும். "பாத்துக்கலாம்" என்ற வார்த்தை மட்டும் தெளிவாக வரும். அடிக்கடி சொல்லிப் பழகியதால் இருக்கலாம்.

நாலாவது முறை சொல்வதற்குள் மனைவி அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. பல் அச்சு வார்க்கத் தினமும் அதே மாவில் புழங்குகிறவர் என்பதால் பல்செட்காரர் கட்டைத் தட்டிப் பார்த்து, "நல்லா கலந்திருக்காங்க" என்றார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வீட்டில் யாருமே பேசாத இரண்டு நாள் அதுதான்.

மூன்றாம் நாள் அவர் நகராட்சியின் கட்டிடப் பிரிவுக்குப் போய், படியைப் பற்றி எட்டு வரியில் எழுதிக் கொடுத்தார். பட்டறையில் எதைக் கொடுத்தாலும் சீட்டு வாங்கிப் பழகியவர். அங்கேயும் தேதியோடு முத்திரை குத்திய நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆய்வாளர் அடுத்த வாரமே வந்தார். ஆறாவது படியில் காலை வைத்தார். ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழுந்தது. அதற்குமேல் அவர் ஆராயவில்லை. பத்து நாளில் சரிசெய்ய வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனது. ஒன்பதாம் நாள் கொத்தனார் வந்தார்.

படியில் சிமென்ட் காய்ந்த கையோடு மாடிக்கு ஒரு கடிதமும் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து வாடகை ஒன்றரை மடங்கு. சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுத் தரவும், இல்லையென்றால் காலி செய்யவும்.

பல்செட்காரர் கடிதத்தை மடித்து வைத்தார். "போயிடலாமா?" என்றார்.

"எங்க போறது? ஒடஞ்ச படிய நல்ல படியாக்கினது நாம. அதுல இன்னொருத்தர் ஏறி வரணுமா?" என்றாள் மனைவி.

நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் ஒன்று உண்டு என்று மருத்துவமனையில் யாரோ சொல்லியிருந்தார்கள். இருவரும் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த பெண் வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கேட்டது, "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. போடாதீங்க. பழைய வாடகைய மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாமக் கட்டுங்க. அவர் வாங்கலன்னா பேங்க்ல போட்டு விடுங்க. நீங்க நிறுத்திட்டா அவருக்கு வேற காரணம் கெடச்சிடும். அப்புறம், மத்த வீட்டுக்கெல்லாம் ஏத்தியிருக்காரா?"

தெரியாது என்றார் பல்செட்காரர். இல்லை என்றாள் மனைவி. மூன்று வீட்டு வாடகையும் அவளுக்கு மனப்பாடம்.

"அப்ப அத அவங்க எழுதிக் குடுக்கணும். புகார் குடுத்த ஆறு மாசத்துக்குள்ள ஏத்தினா, பழிவாங்க ஏத்தலன்னு காட்ட வேண்டியது ஓனர் பொறுப்பு. ஆனா கடிதம் வந்து முப்பது நாளுக்குள்ள நீங்க மனு போட்டாகணும்."

மனு அன்றைக்கே எழுதப்பட்டது. தங்களுக்கு வாடகை ஏறவில்லை என்று எழுதித் தர ஆள் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. கீழ்வீட்டு இருவர் நழுவிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். நடுரோட்டில் லாரியை எதிர்த்து நிற்கக்கூடிய மனிதர். வீட்டுக்காரர் என்றால் குரல் கம்மிவிடும்.

"எனக்கென்ன சார், உண்மைதான். ஆனா நாளைக்கு எனக்கும் ஏத்திட்டா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். பல்செட்காரரோடு வந்திருந்தவளின் மாவுக்கட்டைப் பார்த்தாள். "இவங்க விழுந்தப்ப தூக்கினது யாரு? நான். நாளைக்கு நம்ம வீட்டுல எதாவது ஒடஞ்சு நீங்க விழுந்தாலும் நான்தான் தூக்கணும். உங்க கனத்துக்கு என்னால ஆகாது. போடுங்க கையெழுத்த."

டிரைவர் கையெழுத்துப் போட்டார். பேனா தன்னுடையது என்பதால் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டார்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பட்டறைக்கு ஓர் அச்சு வந்தது. புதுக் கீழ்ப்பல் செட். சீட்டில் இருந்த பெயரைப் படிக்கும் முன்பே அந்தத் தாடை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்காரருடையது. கூட வேலை செய்பவருக்கு விஷயம் தெரியும்.

"அண்ணே, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கி விட்டுடுங்க. சாப்பிடறப்பல்லாம் உங்கள நெனச்சுக்குவாரு."

பல்செட்காரர் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார். உண்மையில் அரை நிமிடம் யோசித்தார். பிறகு வழக்கத்தைவிட இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஈறில் கச்சிதமாக உட்காரும்படி செய்தார். வேண்டுமென்றே கெடுத்துவிட்டோமோ என்ற சந்தேகம் பின்னால் தனக்கே வந்துவிடக்கூடாது என்பதற்காக மூன்று முறை சரிபார்த்தார். வீட்டில் சொன்னபோது மனைவி, "உங்களத் திருத்த முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

விசாரணை நாளில் வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் வறுத்த கடலை மென்றுகொண்டிருந்தார். வக்கீல் வைக்கவில்லை. தனக்கே வாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். உள்ளே விசாரணை அதிகாரியாக ஓர் அம்மாள் இருந்தார். முத்திரை குத்திய நகல், ஆய்வாளரின் நோட்டீஸ், வாடகைக் கடிதம், டிரைவர் எழுதிக் கொடுத்தது, நாலையும் மேஜையில் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டார்.

"வாடகைய எதுக்கு ஏத்தினீங்க?"

"விலைவாசி மேடம். எல்லாமே ஏறுதே."

"மத்த மூணு வீட்டுக்கு மட்டும் விலைவாசி ஏறலையா?"

வீட்டுக்காரர் யோசித்தார். "அவங்கல்லாம் அமைதியானவங்க."

"இவர் சத்தம் போடுவாரா?"

"இவரா? வாயே திறக்கமாட்டாரு மேடம்!"

"அப்புறம் என்ன?"

"வாயத் திறக்காம எழுதிக் குடுத்துட்டாரே! பாத்துக்கலாம்னு மூணு தடவ சொன்னேன். என் வீட்டப் பத்தி ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்தா நான் கையக் கட்டிட்டு இருக்கணுமா? அதுக்குத்தான் ஏத்தினேன். மூணு மாசத்துல தானா எறங்கி வருவாருன்னு பாத்தேன்."

எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டே போனார். ஒரு சொல்லைக்கூட "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒவ்வோர் எழுத்தும் பிசிறில்லாமல் வந்தது. பல்செட்காரருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் கூச்சமாகிவிட்டது.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"இல்லீங்க" என்று சொல்லி உட்காரப் போனார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி எழுந்தார்.

"வாடகையே ஏறக்கூடாதுன்னு நான் சொல்லல. எல்லாருக்கும் ஏத்தினா நானும் குடுப்பேன். இது அப்படியில்லீங்க. இவங்க விழுந்தாங்க, நான் சொன்னேன். அதுக்குப் போட்ட அபராதம் மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உத்தரவு பதினோரு நாளில் வந்தது. அந்த உயர்வு செல்லாது. பழைய வாடகையே தொடரும். ஓராண்டுக்குப் பிறகு ஏற்றுவதென்றால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் ஏற்றிக்கொள்ளலாம். மனைவி அதைத் தொலைபேசியில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாள். பல்செட்காரர் பட்டறையிலிருந்து அன்று சீக்கிரம் வந்து, சாப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். இரண்டு மாதமாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்காரர் சில மாதம் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அதுவும் அலுத்துவிட்டது. ஓராண்டு கழிந்து, நாலு வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே அளவில், பத்தில் ஒரு பங்கு உயர்வு என்று முறையான நோட்டீஸ் வந்தது.

அன்று மாலையே பஸ் டிரைவர் நோட்டீஸோடு மாடியேறி வந்தார். கையில் பேனாவும் இருந்தது.

"சார், இதையும் ஒரு கை பாத்துடுவோமா?"

பல்செட்காரர் இரண்டு முறை படித்தார். "இது சரியாத்தான் ஏத்தியிருக்காரு. கட்டிடுங்க" என்றார்.

டிரைவர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பல்செட்காரர் அதைக் கவனிக்கவில்லை; மனைவி சொல்லித்தான் தெரிந்தது.