கடைமடைக்கு எத்தனை கன அடி

செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் நீளம், அகலம், ஆழம் போட்டுப் பெருக்கிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ஊர்க் கோட்டை மலையில் மொத்தம் எத்தனை கன மீட்டர் பாறை என்று பிள்ளைகளைக் கணக்குப் போடவைத்து, ஒரு வாரப் பாடத்தை நடத்தாமல் விட்டவன்.

வீடு சிங்கவரம் பக்கம். என் மனைவிக்கு அவள் நைனா வழியில் வந்த ஒரு ஏக்கர் ஏரிக்குக் கீழே இருக்கிறது. கடைமடை. மதகைத் திறந்தால் தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்து, மிச்சமிருந்தால்தான் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கும். அதனால் அங்கே எப்போதும் வேர்க்கடலைதான். அவளுக்கோ ஒரே ஆசை. சொந்த நிலத்து நெல்லில் ஒரு தடவையாவது சோறாக்கிவிட வேண்டும்.

மூன்று வருஷம் முன்பு ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது.

"வாத்தியாரே, இந்தத் தண்ணி நம்ம நெலம் வரிக்கும் வருமா? கணக்கு போட்டு சொல்லுங்க."

விடுவேனா? செல்போன் வரைபடத்தில் ஏரியின் பரப்பை அளந்தேன். மதகுப் பக்கம் அடி அடியாகக் கோடு போட்ட அளவுக்கல்லில் தண்ணீர் எட்டு அடி காட்டியது. பெருக்கினேன். ஒரு கோடியே நாற்பது லட்சம் கன அடி! ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய இரண்டு குடம். "நெல்லே போடு" என்று ராஜா மாதிரி சொல்லிவிட்டேன்.

கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது. வயல் காய்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கல் நின்றது ஏரியின் ஆக ஆழமான இடத்தில். ஏரி அண்டா இல்லை, தாம்பாளம். ஓரமெல்லாம் முட்டியளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஊரில் கேட்டவர்களிடம் அவள், "நான்தான் ஆசப்பட்டு நட்டுட்டேன்" என்றாள். என் பேச்சையே எடுக்கவில்லை. அன்றைக்கு அவள்மேல் வந்த பிரியமும் என்மேல் வந்த கோபமும் கொஞ்சநஞ்சம் இல்லை.

போன வருஷம் ஏரி மறுபடி நிரம்பியது. நான் வாயே திறக்கவில்லை. அவளே மீன் குத்தகைக்காரரிடம் பேசி, அவருடைய தெர்மாகோல் மிதவையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கையில் கல் கட்டிய கயிறு. அவளுக்கு நீச்சல் தெரியாது. இடத்துக்கு இடம் கயிற்றை விட்டு, "மூணு!", "ஒண்ணர!" என்று அவள் கத்த, கரையில் நின்று நோட்டில் எழுதினேன். அறுபது இடம். சராசரி மூன்றரை அடிதான் தேறியது.

கரையிலேயே உட்கார்ந்து பெருக்கினேன். மேல்மடை வயல்கள் குடித்தது போக எங்கள் ஏக்கருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று ஒரு நொடி புத்தி போனது. அவள் முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை.

"பத்தாதும்மா. கடலதான்."

ஈரப் புடவையோடு நின்றவள் முந்தானையைப் பிழிந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒரு குண்டான் சோத்துக்கு எத்தினி கன அடி வேணும்?"

இப்படி ஒரு கணக்கை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு ஏக்கர் நெல் குடிக்கிற தண்ணீரை, அதில் கிடைக்கும் அரிசியால் வகுத்துப் பார்த்தேன். கிலோ அரிசிக்கு நூற்றைம்பது கன அடி என்று வந்தது.

"அது இருக்குமில்ல ஏரில?"

"இருக்கும்" என்றேன்.

கடலைக் கொல்லையின் மூலையில், வாய்க்கால் ஓரமாக ஒரு சென்ட் மட்டும் நெல் நட்டாள். வந்த கொஞ்சத் தண்ணீர் அதற்குப் போதுமாக இருந்தது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் இரண்டு பேருமே அறுத்து முடித்துவிட்டோம். நெல்லை அடித்துக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வந்தேன்.

சோறு வடித்ததும் முதல் பிடியை அவளே வாயில் போட்டுக்கொண்டாள். குழம்புகூட ஊற்றவில்லை. நின்றபடியே மென்று முடித்து, அப்புறம்தான் என் தட்டில் போட்டாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி கன அடி சாப்டீங்க, வாத்தியாரே?"

எனக்குக் கணக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.