ஓட்டைக்காரரின் கடைசிக் கடைவாய்ப் பல்

"டிரில் சத்தத்துக்கு நான் கண்ணை மூடணும்னா, அது ஒரேயடியா மூடுற அன்னிக்குத்தான்!"

இப்படி முழங்கியவர் எங்கள் ஓட்டைக்காரர். அலமாரி மாட்டவும் குழாய் நுழைக்கவும் சுவரில் துளையிடுவது அவர் தொழில். கான்கிரீட் அதிரும், பொடி பறக்கும், வீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள். அவர் மட்டும் பாதுகாப்புக் கண்ணாடிகூட இல்லாமல் இமைக்காது நிற்பார். போட்ட துளைகளைவிட அவற்றைப் பற்றிப் பேசிய பேச்சு அதிகம் என்பதால், 'ஓட்டைவாய்' என்று இன்னொரு பட்டப்பெயரும் உண்டு.

அந்த வாயிலேயே ஓட்டை போட வேண்டி வந்தது.

இடப்பக்கக் கடைவாய்ப் பல் முன்பே போய்விட்டது. வேர் சிகிச்சை என்று யாரோ அதைக் கிணறு மாதிரி அகலமாகக் குடைந்தார். மேலே உறை போடச் சொன்னதை நம்மவர் காற்றில் விட்டார். ஒரு நாள் ஏதோ கடித்தபோது, பல் விறகு மாதிரி இரண்டாகப் பிளந்தது. இப்போது மெல்லுவதற்கென்று மிச்சமிருந்த வலப்பக்கப் பல்லிலும் சீழ். இதுவும் பிளந்தால், மீதி ஆயுளுக்கு எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான்.

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே, அவரிடமிருந்ததிலேயே மெல்லிய துளைமுனை, டிரில் பிட்.

"டாக்டரம்மா, இந்த அளவுக்கு மேல மயிரிழைகூட வேண்டாம். துளை பெருசானா சுவர் விரிசல் விடும். எனக்குத் தெரியாததா?"

மருத்துவர் பிட்டை மரியாதையோடு வாங்கிப் பார்த்தார். "பயம் நியாயம்தாங்க. தேவைக்கு மேல குடைஞ்சா பல்லு பலம் போயிடும். ஆனா உள்ளே நாலு வேர்க்குழாய் இருக்கு. ஊசித்துளை வழியா தேடி ஒண்ணைத் தவற விட்டேன்னா, சீழ் திரும்ப வரும். அப்புறம் பிடுங்கணும்."

"அப்போ பெருசா குடைவீங்க!" குரல் கீச்சிட்டது.

"பல்லோட நடுக்கூரையை மட்டும் எடுப்பேன். முன்னாலயும் பின்னாலயும் பக்கத்துப் பல்லை ஒட்டி ரெண்டு ஓரம் நிக்குது பாருங்க, பலத்துக்கு அது முக்கியம். அதைத் தொட மாட்டேன். முடிஞ்சதும் உறை போட்டாகணும், இந்தத் தடவையாவது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் அருகில் நின்ற மனைவி. "மத்த நேரம் மூடச் சொன்னாலும் மூடாத வாய். இன்னிக்குத் திறக்க இவ்வளவு யோசனையா?"

"நீ சும்மா இரும்மா. சுவர் விழுந்தா வேற கட்டிக்கலாம், பல்லு போனா?"

வேறு வழியில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். வாய் திறந்தது. மருத்துவரின் கருவி பேனா அளவுதான். ஆனால் சத்தம் மண்டைக்குள்ளிருந்து வந்தது. இதுவரை துளையிடும் பக்கமே நின்று பழகியவர், முதல்முறையாகச் சுவரின் பக்கத்தில் இருந்தார். இதோ விரியும், இதோ பிளக்கும் என்று ஒவ்வொரு அதிர்வுக்கும் கால்விரல்கள் மடங்கின. மனைவியின் கட்டைவிரல் அவர் பிடியில் நசுங்கியது.

"ஓரம்… நிக்குதா?" மரத்த உதடு குழறியது.

"நல்லா நிக்குதுங்க. நாலு குழாயும் கிடைச்சுது. மிஷினை நிறுத்தியாச்சு, கண்ணைத் திறங்க."

"இருக்கட்டும் டாக்டரம்மா," என்றார் அவர், மெல்ல. "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."