மேசையில் மூன்று தட்டு

குருநாதன் வாத்தியாருக்குப் பயம் கூடப் பிறந்தது. ரயில் பாம்பன் பாலத்தில் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். தலைமையாசிரியர் செருமினாலே எழுந்து நிற்பார். சிக்கல் கிராமத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர். வெள்ளைக்காரன் பேசி அவர் காதால் கேட்டதில்லை. இங்கிலீஷ் முழுக்க அகராதியைப் பார்த்துப் படித்ததுதான்.

மண்டபம் பள்ளியில் அவர் இங்கிலீஷ் பாடம் நடத்தினால் அடுத்த வகுப்புக்குச் சத்தம் கேட்கும். சொல்லை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டச் சொல்வார். அழுத்திச் சொல்லும் அசைக்குத் தட்டும் பலமாக விழ வேண்டும்.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்து, பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் திருப்தி என்று எழுதினால்தான் குருநாதனுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குப் போய்க் களை பறிக்க வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் ‘ஓல்டு-ஃபேஷன்டு’ என்று எழுதி, செவ்வந்தி என்ற மாணவியை எழுப்பினார். ஓல்டு, ஃபே, ஷன்டு என்று மூன்று தட்டு தட்டினாள். நடுத்தட்டு பலமாக விழுந்தது. முதல் தட்டுத்தான் பலமாக விழ வேண்டும் என்றார் அவர்.

“எங்க சார் இப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாக” என்றாள் செவ்வந்தி.

இன்ஸ்பெக்டர் வாத்தியார் பக்கம் திரும்பினார். விஷயம் வாத்தியாருக்குத் தெரியும். அந்தச் சொல் தனியாக நின்றால் அழுத்தம் நடுவில். பின்னால் வீடு, பாலம் என்று ஏதாவது பெயர்ச்சொல் வந்து சேர்ந்தால் அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். இரண்டும் சரி. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“நீங்க சொன்னதுதான் சரி சார். பிள்ளைதான் தப்பாச் சொல்லுது.”

செவ்வந்தி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பார்வை அவரை நிற்க விடவில்லை. இன்ஸ்பெக்டரின் ஜீப் கிளம்பும் நேரத்தில் பின்னாலேயே ஓடினார். துணிச்சல் வந்து ஓடவில்லை, பயந்துகொண்டேதான் ஓடினார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்பவே சொல்லியிருக்கலாமே. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது.”

திருப்தி என்றே எழுதினார். குருநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வகுப்புக்கு வந்து, செவ்வந்தி சொன்னது சரிதான் என்றும், தான்தான் பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டதாகவும் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு, மறுபடி தட்டச் சொன்னார்.

செவ்வந்தி எழுந்தாள். முதலில் இன்ஸ்பெக்டர் போன வாசலைப் பார்த்தாள். பிறகு மூன்று தட்டையும் ஒரே மாதிரி, யார் காதுக்கும் எட்டாமல் தட்டினாள்.