கப்பலின் சொந்தச் சத்தம்

கடற்படையில் சோனார் அறையில் உட்கார்ந்து, காதை வைத்துச் சோறு தின்றவன் நான். இப்போது ஆந்திரப் பக்கம் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வீடு திருப்பதிக்குப் பக்கத்தில் வடமாலபேட்டையில். "கடலுக்கு அடியில எவன் போறான்னு கேக்குமாம், அடுப்பாண்ட இருந்து நான் கூப்ட்டா மட்டும் கேக்காதாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள் என் மனைவி. பொய்யில்லை.

கப்பலில் ஆழம் பார்ப்பது சுலபம். சத்தத்தைக் கீழே அனுப்ப வேண்டும். அது தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தில் பாதியை, தண்ணீரில் சத்தம் ஓடும் வேகத்தோடு பெருக்கினால் ஆழம் வந்துவிடும். நீர்மூழ்கியையும் அப்படித் தேடலாம். ஆனால் நாம் சத்தம் போட்டால் நாம் இருக்கும் இடம் அவனுக்கும் தெரிந்துவிடும். அதனால் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் எங்கள் வேலை.

அதில் முதல் பாடம் எதிரியின் சத்தம் அல்ல, சொந்தக் கப்பலின் சத்தம். நம் எஞ்சின், நம் பம்ப், நம் விசிறி எல்லாவற்றையும் அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். புதுசாக வருகிறவன் சொந்த பம்பைக் கேட்டுவிட்டு நீர்மூழ்கி என்று அலறுவான். நானும் அலறியிருக்கிறேன், மாதக்கணக்கில் ஓட்டினார்கள். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள்: நீ அவனைக் கேட்பதற்கு முன்பே, அடியில் இருக்கிறவன் உன் கப்பலைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

நான் ஊரோடு வந்த பிறகுதான் என் மனைவி உண்டானாள். எத்தனையோ வருஷம் காத்திருந்த பிள்ளை. எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், செல்லமாகக் கொஞ்சும்போது பிள்ளையும் நைனாதான். ஆணோ பெண்ணோ, வயிற்றில் இருந்ததை அவள் நைனா என்றே கூப்பிட்டாள். வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும் சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள். முதல் நாள் கேட்டபோது ஜட்கா வண்டிக் குதிரை மாதிரி ஓடியது. "எஞ்சின் ஜோரா ஓடுது" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஏழாம் மாதம், ஒரு லீவு நாள் காலை. "நைனா நேத்துலருந்து அசையல, நல்லாத் தூங்குது. ஆனா சத்தம் ஜோரா வருது, நீங்களே கேளுங்க" என்று மெஷினை வயிற்றில் வைத்தாள். கேட்டேன். சத்தம் தெளிவாக, பலமாக வந்தது. ஆனால் குதிரை இல்லை, நிதானமாக நடந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். விரலுக்கடியில் துடித்ததும் மெஷினில் கேட்டதும் ஒன்றாகவே விழுந்தன.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னாத்துக்கு? அதான் சத்தம் வருதே?"

"அது உன்னுது."

திருப்பதி போகும் வரை அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. மெஷின் மடியில் இருந்தது. வழியில் மலை தெரிந்ததும், ஏழுமலையானே, என் காது பொய்யாகிப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் காதைத் தவிர எனக்குப் பெருமைப்பட வேறெதுவும் இருந்ததில்லை.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா "ஒக்க நிமிஷம் அம்மா" என்று சொல்லித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கருவி வயிற்றின் மேல் இங்கே நின்றது, அங்கே நின்றது, மறுபடி இங்கேயே வந்தது. காலியான கடலில் தேடுகிறவன் அப்படித்தான் தேடுவான். டாக்டரம்மா தெலுங்கில் மெதுவாக ஏதோ ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

அதன்பிறகு எந்தச் சத்தமும் என்னைச் சும்மா விடவில்லை. கம்பெனி பஸ்ஸின் எஞ்சின், வீட்டு ஃப்ரிட்ஜ், பக்கத்துத் தோட்டத்து மோட்டார், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குதிரையைத் தேடினேன். கிடைக்காது என்று தெரிந்தும் தேடினேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ஒரு சாயந்திரம் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, உள்ளறையிலிருந்து அந்த மெஷினின் சத்தம் கேட்டது. கட்டிலில் படுத்து அதை வயிற்றில் வைத்திருந்தாள். வயிறு வற்றிப்போயிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"அது உன் சத்தம்டி! நைனா இல்ல! எத்தினி வாட்டி சொல்றது?"

அவள் மெஷினை எடுக்கவில்லை.

"தெரியும். உள்ள இருந்த வரிக்கும் நைனா இதத்தான கேட்டுக்கினு இருந்துது? அது கேட்டத நானும் கேக்கிறேன்."

அவள் சுவரோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். பக்கத்தில் படுத்து நானும் கேட்டேன்.