குருநகரில் ஒரு மழைப் போத்தல்

கடலோரக் கூரைகளில் புனலும் அதன் அடியில் போத்தலும் கட்டி, மழையோடு எவ்வளவு உரச்சத்து கடலில் இறங்குகிறது என்று அளப்பது என் வேலை. வானத்தை நம்பிப் பிழைக்கிறவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் விளங்கும்.

கூரை கிடைத்தது

குருநகரில் யேசுதாசன் அண்ணை கடலட்டை வளர்க்கிறார். அவருடைய வலைக்கூட்டைச் சுற்றிக் கடல் பச்சையாகப் பாசி பிடித்து, அட்டைகள் சாகத் தொடங்கின. உங்கள் தெருக் கழிவுதான் காரணம், கூட்டைப் பிடுங்குங்கள் என்று அதிகாரிகள் நெருக்கினார்கள். தோட்டங்களில் போடும் யூரியாவும் காற்றிலேறி, மழையோடு கடலில் விழுந்து பாசியை வளர்க்கிறது என்று நான் சொன்னதும் ஏணியைத் தூக்கி வந்தார். மனைவி மேரியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அவையளுக்குக் காட்ட ஒரு அத்தாட்சி வேணும் தம்பி. ஏலுமெண்டா என்ரை கூரை முழுக்கப் புனலைக் கட்டுங்கோ."

மண்வெட்டியோடு

ஒப்பிட்டுக் காட்ட, தோட்டங்களிலிருந்து காற்று வரும் வழியிலும் ஒரு போத்தல் வேண்டும். தெல்லிப்பழையில் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரிடம் போனேன். ஒருமுறை உரத்தைத் தடைசெய்து விவசாயிகளை அழவைத்த நாட்டில், போத்தலோடு வருகிறவனை யார்தான் நம்புவார்கள்? நான் விளக்க விளக்க அவர் மண்வெட்டிப் பிடியை இறுக்கினார்.

"உரத்திலை கை வைக்க உளவு பாக்க வந்தனீரோ? போத்தல் முழுசா இருக்கேக்கையே கொண்டு ஓடும்."

முதல் மழை

மிஞ்சியது குருநகர்ப் போத்தல் ஒன்றுதான். கோடை முழுக்கக் காற்றில் கிடந்ததை வழித்துக்கொண்டு வருவது முதல் மழை. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். ஒருநாள் பின்னேரம் இடித்துக் கொட்டியது. காகம் எச்சமிட்டிருக்குமோ, புனல் சரிந்திருக்குமோ என்ற பயத்தில் நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் ஓடினேன். போத்தல் அரைவாசி நிறைந்து தெளிவாக நின்றது. கும்பிடத் தோன்றியது. அப்போதுதான் மேரியம்மா சிரித்தபடி சொன்னார்.

"நல்ல முடிவு வரட்டுமெண்டு மாதா கோயில் தீர்த்தமும் கொஞ்சம் அதுக்கை விட்டனான் தம்பி."

கூட்டத்தில்

வேறு தண்ணீர் கலந்த மழையை அளந்து பயனில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, அண்ணையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரிகளின் கூட்டத்தில் அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். மழைநீர் பழுதாகிவிட்டது என்றேன். கூட்டைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்ததும் அண்ணை என் தோளைப் பிடித்தார்.

"கூடு போனாப் போகட்டும். தீர்த்தத்தாலைதான் போனதெண்டு அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

போத்தல் என் கை தவறி உடைந்ததென்று மேரியம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து என் கை உறுதிப்பட வேண்டுமென்று அவர் ஞாயிறு தவறாமல் செபிக்கிறார்.