அவர் கேட்டு வாங்கிய பூட்டு

ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன லாட்ஜ் நடத்தினோம். என் வீட்டுக்காரர் சேலத்துக்கு ஜீப் ஓட்டப் போய்விடுவார், அறைகள் என் பொறுப்பு. ஒரு மழைக்காலத்தில் மர்மக்கதை எழுதுகிற ஒருவர் வந்து மூலை அறையை எடுத்தார். என் கடைசித் தம்பி வயசிருக்கும். அவர் எழுத வந்தது, தங்கை கல்யாணமாகிப் போய்விடுவாளே என்று அவளை அறைக்குள் பூட்டி வைக்கிற ஓர் அக்காவின் கதையாம். அடைபட்டுக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். வெளியே பூட்டுப் போடுங்கள், கத்தினாலும் திறக்காதீர்கள் என்றார்.

நான் மாட்டேன் என்றேன். காலையும் மாலையும் அதையே கேட்டார். அலுத்துப்போய் ஒருநாள் காலையில் பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். காபி வேண்டுமாம். ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். பிறகு வெந்நீர், பிறகு இன்னொரு கம்பளி. சோற்றை மட்டும் தொடவில்லை. கதையில் அந்தப் பெண் பட்டினியாம்.

"சாப்புடு கண்ணு, ஒடம்பு கெட்டா யாரு பாக்கறது?" என்று கெஞ்சினேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மத்தியானம், "என்னை விட்டுடுங்க" என்று அறை அதிரக் கத்தினார். பக்கத்து அறைக் குடும்பம் பயந்துபோய்ப் போலீசைக் கூட்டி வந்துவிட்டது. பூட்டைத் திறந்து, அவர் கேட்டுத்தான் பூட்டினேன் என்றேன். போலீஸ்காரர் அவரை விசாரித்தார். அவரோ சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி வாயே திறக்கவில்லை. என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். ஒண்டிக்கடைப் பக்கத்துக் கடைத்தெரு வழியாகப் போலீசோடு நடந்தேன். தெரிந்தவர்கள் எல்லோரும் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். பொழுது சாயும்போது அவரே சாவகாசமாக வந்து உண்மையைச் சொன்னார்.

"அங்கியே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"நீங்க தவிக்கறதைப் பாக்கணும்னு இருந்துச்சுக்கா. கதைக்கு வேணும்."

அன்றைக்கே காலி செய்யச் சொன்னேன்.

பிறகு புத்தகம் வந்தது. கதையில் வருகிற அக்காவுக்கு என் புருவத் தழும்பு, என் நடை. தட்டை நீட்டி, நான் கெஞ்சிய அதே வார்த்தையைச் சொல்கிறாள். படிக்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் குலை நடுங்குமாம். ஊரில் பாதிப்பேர் படித்துவிட்டார்கள். கரடியூரில் கட்டிக்கொடுத்த என் தங்கையைத் தனியாக என்னிடம் அனுப்ப அவள் வீட்டுக்காரர் யோசித்தாராம். அவரிடம் போய் நான் என்னவென்று சொல்ல?

அடுத்த மழைக்கு அதே ஆள் பையோடு வந்து நின்றார். புதுக் கதைக்கு அமைதியான அறை வேண்டுமாம். எல்லா அறையும் காலியாகத்தான் கிடந்தது. இடமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.